அண்டாவுக்குள் ஒரு வாங்க

எங்கள் மைக் செட்டை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. என் சமையலைக் குறை சொல்லுங்கள், பிள்ளை வளர்த்த லட்சணத்தைக் குறை சொல்லுங்கள், காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விடுவேன். "மைக் சரியில்லையே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "உன் வாய்க்கே தனியா ஒரு ஆம்பிளிஃபயர் இருக்கு, நமக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்பார் என் வீட்டுக்காரர்.

தொழில் என் மாமனார் தொடங்கியது. சாக்கோட்டையில் கடை. காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த சூட்டோடு நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம் என் அப்பா, "பாத்தீகளா, படிச்ச படிப்புக்கு ஏத்த வீடு" என்று பெருமையடித்துக்கொண்டார். போன பிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரருக்குச் சத்தம் என்றால் திருகுகிற குமிழ் மட்டும்தான். கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும், அவ்வளவு. "அது அலைங்க" என்று சொன்னால், "அலையோ குலையோ, கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்பார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாயங்காலம் அவரை ஊருணிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நடுத்தண்ணீரில் ஒரு அரச இலை மிதந்தது. கல்லை எடுத்துப் போடச் சொன்னேன். வட்டம் வட்டமாக அலை கிளம்பி எங்கள் கால் வரைக்கும் வந்தது. இலை ஏறி இறங்கியதே தவிர, இருந்த இடத்தை விட்டு வரவில்லை.

"பாத்தீகளா? அலை வந்துருச்சு, எலை அங்கேயே கெடக்கு. தண்ணி நகரலை, நடுக்கந்தான் நகருது. காத்தும் அப்படித்தான். நீங்க அங்குட்டு நின்னு பேசுனா உங்க வாய்க் காத்து என் காதுக்கு வாறதில்ல. நடுக்கம் மட்டுந்தான் வருது."

"நல்லவேளை புள்ள. மத்தியானம் ஈரவெங்காயம் தின்னேன்" என்றார் அவர்.

அவரிடம் இயற்பியல் பேசினால் இதுதான் கதி. ஆனாலும் மனிதர் அதற்குப் பிறகு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை என் கையில் கொடுத்துவிட்டார். வயர் இழுப்பது, ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்குவது, கொட்டுக்காரர்களோடு சிரித்துப் பேசுவது அவர் வேலை. திருக்கோஷ்டியூர், ஒக்கூர் என்று எங்கே விசேஷமானாலும் மிக்ஸருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளை நான்தான்.

போன திருவிழாவில் ஒரு அம்மாவோடு எனக்கு வாய்த் தகராறு வந்தது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில். மேடையில் ஒரு சின்னப் பெண் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள், பின்னால் தவில். நரைத்த தலை, மூக்கில் வைரம், நல்ல கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு ஆச்சி நேராக என்னிடம் வந்தார். "என்னத்த மைக் செட்டு போட்டிருக்கே? கொட்டு மட்டுந்தான் காதுல விழுது. பாடுற பிள்ளை சும்மா வாயை வாயை அசைக்குது" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஊருக்கே விழுது ஆச்சி. உங்களுக்கு மட்டுந்தான் விழலை" என்றேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். நானும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்தக் கல்யாண வேலை வந்தது.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கடைக்கே வந்தார்கள். செட்டியார் வீட்டுக்காரர்கள். அவருக்கு அறுபது இருக்கும். வெள்ளை வேட்டி சட்டை, நல்ல வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் "வாங்கண்ணே, வாங்க ஆச்சி" என்றேன். அவர் ஏதோ சொன்னார். காற்று மட்டும் வந்தது. அடியில் லேசாக ஒரு கரகரப்பு.

"இவுகளுக்குத் தொண்டையில கட்டி வந்து, ஒரு பக்கத்துக் குரல்நாணை எடுத்துட்டாக" என்றார் மனைவி. "உசுரு பொழைச்சுதே, அதுவே போதும்னு இருக்கோம். இப்ப மகளுக்குக் கல்யாணம். வாறவுக எல்லாரையும் இவுக தன் வாயால வாங்கன்னு சொல்லணுமாம். கையெடுத்துக் கும்பிட்டாப் போதும்னு நாங்க சொல்லிப் பாத்தாச்சு. முடியாதுங்கிறாக."

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் சீமையில் அப்படி இல்லை. வாசலில் கால் வைக்கிறவர்களைப் பார்த்து வீட்டுக்காரர் வாய் திறந்து "வாங்க" சொல்லவேண்டும். கூட்டத்தில் மறந்து போனாலும் குற்றம்தான். இலை நிறையப் பலகாரம் வைத்தாலும், "வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னானா?" என்று கை நனைக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. அப்பா காலத்தில் சொல்லாமல் விட்ட 'வாங்க'வுக்காக மகன் காலத்திலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் கேக்காட்டியும் பரவாயில்ல" என்று அவர் முன்னால் சாய்ந்து சொன்னார். நானும் சாய்ந்து, உதட்டைப் பார்த்துக் கேட்டேன். "எங்க ஆச்சி காதுல விழணும். அம்புட்டுத்தான்."

செட்டியார் வீட்டுப் பெண்களை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்போம். அவர்களுக்குள்ளே கூடப்பிறந்த அக்காவும் ஆச்சிதான். குழப்பம் வேண்டாமென்று இனிமேல் அவருடைய அக்காவை மட்டும் ஆச்சி என்கிறேன்.

கதை இதுதான். தம்பியின் மகன் வழிப் பேரனுக்குப் பேர் வைத்த அன்றைக்கு ஆச்சி வந்திருக்கிறார். தம்பிக்கு அப்போதுதான் தொண்டை கட்ட ஆரம்பித்திருந்தது. என்ன நோய் என்று இன்னும் தெரியாது. வாசலில் நின்று "வாங்க ஆச்சி" என்றிருக்கிறார். அது சொன்னவர் காதுக்கே சரியாக விழவில்லை. ஆச்சி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிக் காரில் ஏறிவிட்டார்.

"ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாக" என்றார் மனைவி. "அதெல்லாம் குறையில்ல. ஆனா வீட்டுக்கு வரமாட்டேங்கிறாக. போன்ல இவுக பேசுனா, 'வாயைத் தொறந்து பேசுடா'ன்னு வச்சிடுறாக. பத்திரிகை வைக்கப் போனப்ப என்ன சொன்னாக தெரியுமா? 'ஊருக்கெல்லாம் பேசுறானாம்ல, எனக்கு மட்டும் வாய் வரலையோ? வாசல் வரைக்கும் வாரேன். வாங்கன்னு சொன்னா உள்ள வாரேன். இல்லேன்னா வந்த காரிலேயே திரும்பிடுவேன்.' இதுதான் அவுக பேச்சு. ஒரே அத்தை. அவுக இல்லாம எப்படி எம்மக கழுத்துல தாலி ஏறும்?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விழும்ணே. நானாச்சு" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "நம்ம கிட்ட இருக்கிற பெரிய பாக்ஸை எறக்குனா ஒக்கூர் வரைக்கும் விழும்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் சோதித்துப் பார்க்கப் போனோம். அவர்கள் பரம்பரை வீடு. முகப்பு தாண்டியதும் பெரிய கூடம், இரண்டு பக்கமும் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணுக்கு அழகு, என் தொழிலுக்குச் சத்துரு. அது போதாதென்று கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ச் சாமானைப் பரப்பி வைத்திருந்தார்கள். குடம், தவலை, போசி, எவர்சில்வர் அடுக்கு, பித்தளை, வெண்கலம், நடுவில் ஆள் உட்காரலாம் போல ஒரு பித்தளை அண்டா. சொந்தக்காரர்கள் வந்து பார்க்கவேண்டும் அல்லவா, அதனால் அந்த இடம்தான்.

வீட்டுக்காரர் இரண்டு பெரிய பாக்ஸை நிறுத்தினார். பெண்ணின் அப்பா மைக்கைப் பிடித்து "வாங்க" என்றார்.

கூடம் "ஆ... ஆ... ஆ..." என்றது. வேறொன்றும் இல்லை. "ங்க" எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த "ஆ" அடங்குவதற்குள் சீர்ச் சாமான் முழுவதும் ஙொய்யென்று பாட ஆரம்பித்தது. சரி, இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று வீட்டுக்காரர் கையை வைக்க, மைக் ஊளையிட்டது பாருங்கள், சமையற்கட்டில் இருந்த ஆட்கள் எல்லாம் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் வந்து, "அப்பச்சி, உங்களுக்கு என்ன செஞ்சுது?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் செத்துப் போயிருந்தது. மைக்கை என்னிடம் நீட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அண்ணே, உங்க குரல்ல ஒரு குத்தமும் இல்ல. வீட்டுலதான் குத்தம்" என்றேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அதுதான் நிஜம்.

ஒரு சொல் வாயை விட்டுக் கிளம்பினால் ஒரே வழியில் போகாது. கல் போட்ட ஊருணி மாதிரி எல்லாப் பக்கமும் விரியும். நேராக வருகிற அலை முதலில் காதுக்கு வரும். சுவரில் மோதியது, தரையில் மோதியது, மேல் மச்சில் மோதியது எல்லாம் கொஞ்சம் பிந்திப் பிந்தி வரும். சுண்ணாம்புச் சுவர் சொரசொரவென்று இருந்தாலாவது அலையைக் கொஞ்சம் தின்னும். இந்தச் சுவர் ஒன்றையும் தின்னாமல் அப்படியே திருப்பி அனுப்பியது. "வா"வின் நீட்டல் சுற்றிச் சுற்றி வருவதற்குள் "ங்க" அதற்கடியில் மாட்டிக்கொள்கிறது. இதில் சத்தத்தைக் கூட்டினால் "வா"வும் சேர்ந்து கூடுகிறது. பிறகு பாக்ஸில் வந்ததையே மைக் திரும்பக் கேட்டு, அதையே மறுபடி பாக்ஸுக்கு அனுப்பி, இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டதில்தான் அந்த ஊளை.

பாத்திரம் பாடியதற்குக் காரணம் வேறு. தட்டினால் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு சுருதியில் ஒலிக்கும். அதே சுருதி எங்கிருந்தாவது வந்து விழுந்தால், தட்டாமலே நடுங்க ஆரம்பிக்கும். ஊஞ்சலை அதன் வாக்குக்குத் தள்ளினால் சின்ன விரல் போதும், உயர உயரப் போகும். அங்கே பரப்பியிருந்த சாமானில் எந்தச் சுருதிக்கும் ஒன்று இருந்தது.

"சாமானை எடுத்து உள்ள வைப்போமா ஆச்சி?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"அதுக்குக் கல்யாணத்தையே நிப்பாட்டிடலாம்" என்றார் அந்த அம்மா. "சம்பந்தி வீட்டுக்காரக என்ன நெனைப்பாக? பரப்புனதை யாராச்சும் எடுப்பாகளா?"

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். "எடுக்க வேணாம். வெறும் பாத்திரமா வைக்கிறது லட்சணமா ஆச்சி? அரிசி போட்டு நெறச்சு வையுங்க. நெறகொடம் பாத்துப் பொண்ணு மணவறைக்குப் போகட்டும்" என்றேன். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. குடத்துக்கும் தவலைக்கும் அரிசி கொட்டினோம். அரிசி உள்ளே இருந்தால் பாத்திரம் நடுங்க நினைத்தாலும் மணிகள் ஒன்றோடொன்று உரசி அந்த நடுக்கத்தைக் குடித்துவிடும். அடுக்குகளுக்குள் மடித்த சேலையைத் திணித்தோம். சீரில் மெத்தை, தலையணை, ஜமுக்காளம் எல்லாம் உண்டே. அதையெல்லாம் சுவரோரம் நிமிர்த்தி வைத்துப் பட்டுத்துணி போர்த்திக் கட்டினோம். "கல்யாண வீடா, மெத்தைக் கடையா?" என்று வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பெரிய பாக்ஸ் இரண்டையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு அது பெற்ற பிள்ளையைத் திருப்பி அனுப்புவது போல இருந்தது. அதற்குப் பதில் சின்னச் சின்ன பாக்ஸாகத் தூணுக்கு ஒன்று, ஆள் முகம் உயரத்தில் கட்டினோம். அவர் குரலில் காற்றுதான் அதிகம். அது பொடி அலை, தூணைச் சுற்றி வளைந்து போகத் தெரியாது. தூணுக்குப் பின்னால் நின்றால் நிழலில் நின்றது மாதிரி, ஒன்றும் விழாது. தவில் சத்தம் நீள அலை, தூணையும் கதவையும் வளைந்து வளைந்து கொல்லை வரைக்கும் போய்விடும். ஆச்சி நிற்கப் போகிற முகப்பு வாசலில் இருந்து பார்த்தால் கூடம், உள்முற்றத்து வளவு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். அந்தக் கோட்டில் நடுவாக அவரை நிற்க வைத்து, வாசலுக்கு நேரே ஒரு பாக்ஸைத் திருப்பி வைத்தேன்.

எல்லாம் அடங்கியது, அந்த அண்டா மட்டும் அடங்கவில்லை. அதை நிறைக்க மூட்டை மூட்டையாக அரிசி வேண்டும். அவர் குரலின் அடியில் இருந்த கரகரப்பு அதற்கு என்னவோ பிடித்துப் போய், அவர் வாய் திறக்கும்போதெல்லாம் கூடவே ம்ம்ம் என்றது. "இது என் மாமியா கொண்டாந்த சீரு. இவுக பிடிவாதம் பிடிச்சு நடுவுல வச்சிருக்காக" என்றார் மனைவி. கடைசியில் அதை முகப்புக்குக் கொண்டுபோய் வாசல் நிலையோரம் வைக்கலாம் என்று சம்மதித்தார்கள். தூக்கும்போது பெண்ணின் அப்பா அதன் வயிற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "சின்னப் பிள்ளையில நானும் ஆச்சியும் இதுக்குள்ள தலையை விட்டுக் கத்துவோம். ஆத்தா வெளக்குமாத்தோட வருவாக" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு சட்டையில் காலர் மைக்கைக் குத்திக்கொண்டு அந்த நேர்க்கோட்டில் நின்று சொன்னார். "வாங்க." கூடத்தின் கடைசித் தூண் வரைக்கும் சொன்னது சொன்னபடி விழுந்தது. அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். என் வீட்டுக்காரர், "பெரிய பாக்ஸா இருந்தா இன்னும்..." என்று ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் அவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். "வாங்க மாமா." "வாங்கண்ணே, வாங்க." குரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் அப்படியே நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு மிக்ஸருக்குப் பின்னால் தலைகால் புரியவில்லை. வாசலைப் பார்க்க வசதியாக முகப்பிலேயே, அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தேன்.

ஆச்சியின் கார் வந்தது. கதவைத் திறந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அடி ஆத்தி, கோயிலில் என்னோடு மல்லுக்கு நின்ற அதே அம்மா! நரைத்த தலை, மூக்கில் வைரம். படியேறி நிலைக்கு வெளியே நின்றார். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை.

நான் கையைக் காட்டினேன். மேளம் நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அந்தக் கோட்டின் நடுவில் தம்பி, இந்தப் பக்கம் அக்கா. அவர் இரண்டு கையையும் கூப்பி, மூச்சை நிறைய இழுத்துச் சொன்னார்.

"வாங்க ஆச்சி."

தெளிவாக விழுந்தது. முகப்பில் நின்ற என் காதில் விழுந்தது. தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆச்சி அசையவில்லை. தம்பி வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மறுபடியும் சொன்னார். "வாங்க ஆச்சி. வாங்க."

"எதுக்குக் கொட்டை நிப்பாட்டுனீக?" என்றார் ஆச்சி, பக்கத்தில் நின்றவர்களிடம். "அவன் இன்னும் வாயைத் தொறக்கலையே. சும்மா நின்னு வேடிக்கை பாக்குறான்."

"சொன்னாகளே ஆச்சி!" என்றது கூட்டம்.

"யாருகிட்டக் கதை விடுறீக? எங்கண்ணு முன்னால நிக்கிறான். எனக்கு ஒரு வாங்க சொல்ல அவனுக்கு மனசு வரலை." குரல் உடைந்தது. கண் நிறைந்துவிட்டது. கோபத்தில் வந்த கண்ணீர் இல்லை அது. அவர் காரைப் பார்த்துத் திரும்பினார். உள்ளே தம்பி கூப்பிய கையோடு அப்படியே நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொட்டு நின்றது ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி சொன்னது விழவில்லை. கோயிலிலும் இதைத்தானே சொன்னார், கொட்டு மட்டுந்தான் விழுது, பாடுற பிள்ளை வாயை அசைக்குது என்று. அடப் பாவமே! எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயசானால் காது முதலில் பொடி அலைகளைத்தான் விடும். தவில் விழும், ஆம்பிளைகளின் தடித்த குரல் விழும். கீச்சுக் குரலும் காற்றுப் பேச்சும் போய்விடும். போனது போனவர்களுக்கே தெரியாது. எதிராளி வாய்க்குள்ளே பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள். பேர் வைத்த அன்றைக்கும் தம்பி சொல்லியிருக்கிறார். அவருக்குக் குரல் போகத் தொடங்கிய நேரமும் இவருக்குக் காது போகத் தொடங்கிய நேரமும் ஒன்றாக வந்து தொலைத்திருக்கிறது. இத்தனை நாளும் தம்பி தன் தொண்டையை நொந்துகொண்டார், அக்கா தம்பி மனசை நொந்துகொண்டார்.

இதை எப்படிச் சொல்வது? அத்தனை சனத்துக்கு நடுவில், "ஆச்சி, உங்களுக்குக் காது மந்தம்" என்று சொன்னால் அந்த மனுஷி அந்த வீட்டுப் பக்கம் இந்த ஜென்மத்தில் திரும்பமாட்டார். கோயிலில் ஒருமுறை நான் சொன்னதே போதும்.

பக்கத்தில் இருந்த அண்டாவைக் கைமுட்டியால் ஓங்கித் தட்டினேன். பொம்மென்று ஒரு ஒலி. ஆச்சி சட்டென்று திரும்பினார்.

"ஆச்சி, மன்னிச்சுக்கங்க. எங்க மைக்குதான் கெட்டுப்போச்சு" என்றேன், அடிவயிற்றில் இருந்து, குரலைத் தடிப்பாக்கி. "காலையில இருந்தே சரியில்ல. உங்க தம்பி சொல்லிக்கிட்டேதான் இருக்காக. எங்க செட்டுதான் வாங்கிக் குடுக்கலை."

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்ன புள்ள சொல்றே? மைக்கு நல்லாத்தானே..." அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"அண்ணே, இங்குட்டு வாங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். "மைக்கைக் கழத்திப் போட்டுட்டு வாங்க. இந்த அண்டாவுக்குள்ள சொல்லுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. விறுவிறுவென்று வந்தார். பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அறுபது வயது மனிதர், மகள் கல்யாணத்தில், அத்தனை பேர் பார்க்க, அண்டாவுக்குள் தலையை விட்டார்.

"வாங்க ஆச்சி."

காற்று எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அடியில் இருந்த அந்தக் கரகரப்பை மட்டும் அண்டா பிடித்துக்கொண்டு, தன் சுருதியில் ஏற்றி, கனத்த குரலாக வெளியே தள்ளியது. ஆச்சியின் கை தானாக அண்டாவின் விளிம்புக்குப் போனது. உலோகம் உள்ளங்கைக்குள் நடுங்கியிருக்கும். என் கையும் மறுபக்கத்து விளிம்பில்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

"டேய்" என்றார் ஆச்சி. "டேய் தம்பி..."

நிலைப்படியைத் தாண்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. குனிந்தார். மூக்கு வைரமும் நரைத்த தலையும் அண்டாவுக்குள் போயின.

"வாரேன்டா!"

வீடே அதிர்ந்தது. கூடத்தில் அரிசி போட்டு வைத்திருந்த பாத்திரங்கள்கூட அடக்கமுடியாமல் முனகின. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, தவிலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். உள்ளே இரண்டு தலையும் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஏதோ பேசிக்கொண்டார்கள். சொல்லாக எனக்கு ஒன்றும் வரவில்லை, விளிம்பு மட்டும் என் விரலுக்கடியில் விட்டு விட்டு நடுங்கியது.

ஆச்சி நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம். தம்பி தன் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார். உள்ளே நடக்கத் தொடங்கிய ஆச்சி என்னைப் பார்த்து நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதானே அந்தக் கோயில்ல இருந்தவ? அன்னிக்கே சொன்னேன்ல, உன் மைக்கு சரியில்லைன்னு."

முகப்பு முழுக்க ஆட்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், வருகிற வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே, இவள் இப்போது என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்துபோய் நின்றார்.

"ஆமா ஆச்சி" என்றேன். "மைக்குதான் சரியில்ல."